வலமிருந்து எழுதினால் குற்றமா?

உலகத்து எழுத்துக்களெல்லாம் இடப்புறம் தொடங்கி வலப்புறம் முடிய வேண்டும் என்று எந்த அரசும் சட்டம் இயற்றியதில்லை. எந்த மொழியறிஞர் அவையும் தீர்மானம் நிறைவேற்றியதில்லை. அரபு வலமிருந்து இடமாக ஓடுகிறது. பார்சியும் உருதும் பஷ்தூவும் உய்குரும் அவ்வாறே ஓடுகின்றன. ஹீப்ரு எனப்படும் எபிரேயமும் அவ்வழியே செல்கிறது. நமக்கு அண்டைக் கடலில் கிடக்கும் மாலத்தீவின் தானா எழுத்தும் அதே திசையினதே. கோடானு கோடி மக்கள் நூற்றாண்டுகளாகப் படித்தும் எழுதியும் வரும் இத்திசை, கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோர் பலருடைய கண்ணுக்கு மட்டும் கோணல் வழக்கமாகத் தோன்றுவது ஏன்?

நாம் இங்கே வாசக நேயர்கள் முன் வைக்கும் வழக்கு இதுதான்: வலமிருந்து எழுதும் மொழிகளுக்கு மென்பொருளில் இடமளிப்பதைச் சலுகை என்றும், பிற்காலத்தில் பார்த்துக்கொள்ளத்தக்க உபரி வேலை என்றும் கருதுவது அநீதி. அஃது அறியாமையால் நேர்ந்த அநீதி என்று இனியும் சமாதானம் கூற இயலாது. அதற்கான அறிவு நாற்பது ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. இல்லாதது மனம் ஒன்றே.

நோய் எது?

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். அரபு எழுத்துக்கள் இருபத்தெட்டு. அவை தனித்தனியே நிற்பவை அல்ல; கைகோத்து நடப்பவை. ஓரெழுத்து தனித்து நிற்கையில் ஒரு வடிவம் கொள்ளும். சொல்லின் முதலில் ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், கடையில் ஒரு வடிவம் கொள்ளும். அலிஃப், தால், ரா, வாவ் முதலிய ஆறு எழுத்துக்கள் மட்டும் தமக்குப் பின்வரும் எழுத்தோடு கை கோப்பதில்லை. இவ்விதியை அறியாத மென்பொருள் என்ன செய்கிறது? எழுத்துக்களை ஒன்றோடொன்று சேராதவாறு பிய்த்து, இடப்புறத்திலிருந்து வரிசையாக அடுக்கி விடுகிறது. ‘வணக்கம்’ என்ற சொல்லை யாரேனும் கடையெழுத்தை முதலாக வைத்து ‘ம் க க் ண வ’ என்று எழுதிக் காட்டினால் நமக்கு எப்படியிருக்கும்? ‘ஸலாம்’ என்ற சொல் அவ்வாறு சிதைந்து கிடப்பதைக் காணும் அரபுக் கண்ணுக்கும் அப்படியே இருக்கும்.

இஃது எங்கோ தொலைவில் நடப்பதன்று. நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களைப் பாருங்கள். கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். விழாக்களில் கட்டும் பதாகைகளைப் பாருங்கள். தலைப்பில் அழகுற நிற்க வேண்டிய ‘பிஸ்மில்லாஹ்’ எலும்பெலும்பாகக் கழன்று, தலைகீழ் வரிசையில் நிற்பதை நம்மில் காணாதார் யார்? அச்சுக் கோப்பவரைக் கடிந்து பயனில்லை. அவர் அரபு படித்தவர் அல்லர். தமக்குக் கிடைத்த மென்பொருளில் ஒட்டினார், அது குலைத்துக் கொடுத்தது. பக்க வடிவமைப்புக்கு நெடுங்காலம் புழங்கிய மென்பொருள்கள் பலவற்றில், அரபை ஒழுங்காகக் காட்ட வேண்டுமாயின் தனிப்பதிப்பை வாங்க வேண்டியிருந்தது. எழுத்தை எழுத்தாகக் காட்டுவதற்கே தனிப்பதிப்பென்றால், அஃது என்ன நியாயம்?

எழுத்துக்கள் சேர்ந்து நின்றுவிட்டாலும் தொல்லை தீர்வதில்லை. அரபிலும் எபிரேயத்திலும் சொற்கள் வலமிருந்து இடமாகச் செல்ல, எண்கள் மட்டும் இடமிருந்து வலமாகவே எழுதப்படுகின்றன. ஒரே வரியில் இரு திசைகள்! நடுவில் ஆங்கிலப் பெயரோ தமிழ்ச் சொல்லோ புகுந்தால் திசை மேலும் ஒருமுறை திரும்ப வேண்டும். எழுத்துக்குத் திசை உண்டு. முற்றுப்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் இடைவெளிக்கும் தமக்கென்று திசை இல்லை. அவை அண்டையில் நிற்பவரைப் பார்த்து நடப்பவை. இங்கேதான் கவனமில்லாத மென்பொருள் வழுக்கி விழுகிறது.

இதன் விளைவு வெறும் அழகுக் கேடு என்று எண்ணிவிட வேண்டாம். இடைவெளி விட்டு மூன்று கூறாக எழுதிய ஒரு தொலைபேசி எண்ணை அரபு வாக்கியத்துக்குள் அப்படியே வைத்துப் பாருங்கள். கடைசிக் கூறு இடக்கோடிக்கும் முதற்கூறு வலக்கோடிக்கும் போய்விடும். எண்ணை இடமிருந்தே படிப்பவன் தவறான எண்ணைச் சுழற்றுவான். நாட்டுக் குறியீட்டுக்கு முன் நிற்க வேண்டிய கூட்டல் குறி எண்ணின் வால்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனைச் சீட்டிலும், வங்கிக் கணக்கிலும், விமானப் பயணச் சீட்டிலும் எண் இடம் மாறினால் அது யார் தலையில் விடியும்? மென்பொருள் எழுதியவர் தலையிலா? பாலைவனத்தில் பாடுபட்டு, மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியின் தலையிலா?

நம் தமிழ் இஸ்லாமிய ஏடுகளின் பக்கங்களும் இதற்குச் சாட்சி. தமிழ்க் கட்டுரையின் நடுவே ஓர் அரபு வசனம். அதையடுத்து அடைப்புக்குறிக்குள் அத்தியாய எண்ணும் வசன எண்ணும். இந்த எளிய வரியைக் கணிப்பொறியில் அடித்தால், வசனத்துக்குப் பின் வர வேண்டிய எண் தாவி வசனத்துக்கு முன்னே போய் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அடைப்புக்குறியின் ஒரு கரை இங்கும் மறுகரை அங்குமாகப் பிரிந்து நிற்கும். அடித்தவர் எண்ணை அழித்து மீண்டும் அடிப்பார். அது மீண்டும் தாவும். ஈற்றில் சலித்துப்போய் வசனத்தையே படமாக வெட்டி ஒட்டுவார். படமாகிவிட்ட எழுத்தைத் தேட முடியாது; வேறிடத்துக்கு எடுத்தெழுத முடியாது; பார்வையற்ற ஒருவருக்கு அதைக் கணிப்பொறி வாசித்துக் காட்டவும் முடியாது. திருக்குர்ஆனைக் கைபேசியில் தந்த செயலிகள் பல, பக்கங்களைப் படங்களாகவே தந்ததற்கும், மதீனா மன்னர் ஃபஹ்து அச்சகத்தின் 604 பக்க முஸ்ஹஃபுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக எழுத்துருக்கள் சமைக்கப்பட்டதற்கும் பின்னே இந்த நம்பிக்கையின்மை நிற்கிறது. பொதுவான மென்பொருள் எழுத்தைக் குலைக்காமல் காட்டும் என்ற உறுதி இருந்திருந்தால் இத்தனை பாடு எதற்கு?

தமிழறிந்தவர்க்கு இது புதிதா?

‘நினைவில் வைப்பது ஒரு வரிசை, கண்ணுக்குக் காட்டுவது வேறு வரிசை, இஃது இயந்திரத்துக்கு இயல்பானதா?’ என்று கேட்போர் உண்டு. அவர்கள் தமிழைப் பார்க்கட்டும். ‘கெ’ என்பதில் ககர ஒலி முன், எகர ஒலி பின். எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது, ககரம் பின்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே மெய். இன்றைய கணிப்பொறி இதை எப்படிச் சேமிக்கிறது? முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி என்று ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து இடப்புறம் வைக்கிறது. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் கொம்பை முதலில் தட்டி, கண் காணும் வரிசையிலேயே சேமித்தோம். அகர வரிசைப்படுத்தவும் சொல்லைத் தேடவும் அப்போது பட்ட பாட்டையும், ஒருவர் அடித்த கட்டுரை இன்னொருவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியதையும் எழுத்துத் தொழிலில் உள்ளோர் மறக்கவில்லை.

அரபுக்கும் எபிரேயத்துக்கும் வேண்டுவது இதே நெறிதான். படிக்கும் வரிசையில் சேமி. பார்க்கும் வரிசையில் காட்டு. தமிழுக்கு நியாயமாகப்படுவது அரபுக்கு மட்டும் அதிகப்படியாகிவிடுமா?

நாற்பது ஆண்டு அறிவு

இந்நெறி நேற்று முளைத்ததன்று. ஸெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் பெக்கர் 1984-ஆம் ஆண்டு ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் பன்மொழி எழுத்தாக்கம் பற்றி எழுதிய கட்டுரையில், அரபையும் எபிரேயத்தையும் கணிப்பொறியில் கையாளும் வழியை விளக்கினார். 1987-இல் அரபு எழுத்தாக்கத்துக்கென்றே தனிக் கட்டுரையும் வரைந்தார். அதே ஆண்டில் அரபு எழுத்துக்களுக்கான அனைத்துலகத் தரக் குறியீடு வெளிவந்தது. மறு ஆண்டில் எபிரேயத்துக்கும் வந்தது. 1991-இல் யூனிகோட் முதற்பதிப்பு வெளிவந்தது. இருதிசை எழுத்தை எவ்வாறு வரிசைப்படுத்திக் காட்டுவது என்ற முறையும் அத்தரத்தின் ஓர் அங்கமாக வகுக்கப்பட்டது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு, இணையப் பக்கத்தின் திசையை ஒற்றைச் சொல்லால் குறிக்க வழி செய்தது. 2013-இல் யூனிகோட் 6.3 பதிப்பு, நாம் மேலே கண்ட தொலைபேசி எண் போன்றவற்றைச் சுற்றியுள்ள எழுத்தின் இழுப்பிலிருந்து காத்துத் தனித்து நிறுத்தும் குறிகளையும் தந்துவிட்டது.

மேற்கே மட்டுந்தான் இம்முயற்சி நடந்ததென்றும் கருத வேண்டா. குவைத்தைச் சேர்ந்த முஹம்மது அஷ்ஷாரிக் 1982-இல் தொடங்கிய ‘ஸக்ர்’ நிறுவனம், அரபிலேயே இயங்கும் வீட்டுக் கணிப்பொறிகளை 1980-களிலேயே அரபு இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. அன்றைய சிறு பொறிகளின் நினைவகம் இன்றைய மலிவான கைபேசியின் நினைவகத்தோடு ஒப்பிடத் தகுந்ததே அன்று. அதில் முடிந்தது இன்று முடியாதா?

வழி தெரிந்த பின்னும் நடந்ததென்ன? 1990-களில் விண்டோஸ் இயக்கத்தொகுதிக்கு அரபுப் பதிப்பு வேறு, எபிரேயப் பதிப்பு வேறு என்று தனித்தனியே வாங்க வேண்டியிருந்தது. ட்விட்டர் 2006-இல் தொடங்கியது. 2011-இல் அரபு நாடுகளில் எழுந்த மக்கள் எழுச்சியின்போது உலகமே அதன் பெயரை உச்சரித்தது. ஆயினும் அரபு, பார்சி, எபிரேயம், உருது ஆகிய மொழிகளில் அதன் முகப்பு 2012 மார்ச்சில்தான் வந்தது. அதற்கும் தன்னார்வத் தொண்டர்கள் உழைத்தார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் திரை அமைப்பு முழுவதையும் வலமிருந்து அமைக்கும் வசதி 2012 நவம்பரில் 4.2 பதிப்போடு வந்தது. ஆப்பிள் கைபேசியில் அது 2015-இல் ஒன்பதாம் பதிப்பு வரை காத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘வேர்ட்’ விண்டோஸில் அரபை நன்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதே நிறுவனம் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு விற்ற ‘வேர்ட்’ அதைச் சரிவரச் செய்ய இயலாமல் கிடந்தது. 2015-இல் வெளியான ‘ஆஃபிஸ் 2016’ வந்த பிறகே அக்குறை தீர்ந்தது. ஒரே கூரையின் கீழ், ஒரு மேசையில் இருக்கும் அறிவு அடுத்த மேசைக்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆயின என்றால், தடுத்தது தூரமா, அலட்சியமா?

எழுத்தைக் காவு கேட்கும் இயந்திரம்

இயந்திரத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லை என்றால் எழுத்தையே மாற்று என்று சொல்லும் துணிச்சலும் உலகில் உண்டு. மாலத்தீவின் வரலாற்றில் அதற்குக் கசப்பான சான்று கிடக்கிறது. 1970-களின் நடுப்பகுதியில் அந்நாட்டு அரசு தன் நிர்வாகத்தில் டெலக்ஸ் பொறிகளைப் புகுத்தியது. அப்பொறிக்கு ரோமன் எழுத்து மட்டுமே தெரியும். உடனே திவேஹி மொழியின் தானா எழுத்து முன்னேற்றத்துக்குத் தடை என்றாகிவிட்டது. 1976-இல் ரோமன் எழுத்தில் திவேஹியை எழுதும் முறைக்கு அரசு ஒப்புதல் தந்தது. மக்கள் உள்ளம் வருந்தியது. 1978-இல் மஃமூன் அப்துல் கையூம் குடியரசுத் தலைவரான பின்னரே தானா மீண்டும் தன் இருக்கையில் அமர்ந்தது.

சற்றே சிந்தியுங்கள். டெலக்ஸ் பொறி இன்று எங்கே? அருங்காட்சியகத்தில். தானா எங்கே? மாலத்தீவுச் சிறுவர்களின் பாடநூல்களில், கைபேசிகளில், கடைத் தெருக்களில். சில ஆண்டுகள் வாழ்ந்து மறையும் ஒரு பொறிக்காக, பல தலைமுறைகள் போற்றிய எழுத்தைக் காவு கொடுக்கப் பார்த்தார்கள். பொறி செத்தது, எழுத்து பிழைத்தது. இந்தப் பாடத்தை மென்பொருள் உலகம் இன்னும் கற்கவில்லை.

சட்டம் போடாமலே எழுத்தைத் தேயச் செய்யும் வழிகளும் உள. கைபேசிக் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துக்கள் கொள்ளும். அரபிலோ தமிழிலோ எழுதினால் 70 மட்டுமே. அதே காசுக்குப் பாதிக்கும் குறைவான இடம்! அதுவும் சில கைபேசிகளில் கட்டம் கட்டமாகத் தோன்றும். அரபு இளைஞர் என்ன செய்தனர்? ரோமன் எழுத்தில் அரபை எழுதலாயினர். ரோமனில் இல்லாத ‘ஐன்’ ஒலிக்கு 3 என்ற எண்ணையும், அழுத்தமான ‘ஹா’ ஒலிக்கு 7 என்ற எண்ணையும் இட்டு நிரப்பினர். நம் தமிழ்ப் பிள்ளைகளும் தமிழை ரோமன் எழுத்தில் தட்டப் பழகியது இதே நெருக்கடியில்தான். பின்னர் அதைக் கண்டு, ‘பார்த்தீர்களா, அவர்களே தம் எழுத்தை விரும்புவதில்லை’ என்று சொல்வது, ஒருவன் காலைக் கட்டிவிட்டு அவனுக்கு நடக்கப் பிடிக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது.

மறுப்புக்கள் சில

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களையும் கேட்போம். ‘இதனால் பயன் பெறுவோர் சிலரே, செலவு மிகுதி’ என்பது முதல் வாதம். அரபைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டுமே முப்பது கோடிக்கு மேற்பட்டோர். 1973 முதல் அரபு ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்சி மொழிகளில் ஒன்று. பார்சியையும் உருதையும் கூட்டினால் தொகை எங்கோ செல்லும். இது சிறு தொகையா? சிறு தொகையே ஆனாலும் நியாயம் தலைக்கணக்கில் நிற்பதா? எபிரேயம் பேசுவோர் தொகை அரபு பேசுவோர் தொகைக்கு முன் மிகச் சிறியது. அவர்களுடைய எழுத்தும் பிழையின்றித் தோன்ற வேண்டும் என்றே நாம் சொல்வோம். அரசியலில் அவ்விரு மொழியாரிடையே எத்துணைப் பிணக்கு இருந்தாலும், முற்றுப்புள்ளி இடம் மாறிக் குதிக்கும்போது இருவர் படும் எரிச்சலும் ஒன்றே. 1989-இல் கினி நாட்டில் பாரி குடும்பத்துச் சிறுவர்களான இப்ராஹீமா, அப்துலாயே என்ற உடன்பிறப்புக்கள் தம் ஃபுலானி மொழிக்கென்று ‘அத்லம்’ என்ற எழுத்தைப் படைத்தார்கள். அதுவும் வலமிருந்து ஓடுவதே. மக்கள் அதைக் கையால் எழுதி, ஒருவருக்கொருவர் கற்பித்துப் பரப்பினர். 2016-இல்தான் அது யூனிகோடில் இடம் பெற்றது. இரண்டு சிறுவர் படைக்க முடிந்த எழுத்தைத் திரையில் காட்ட, உலகின் பெரும் நிறுவனங்கள் செலவுக் கணக்குப் பார்க்கலாமா?

செலவு மிகுதி என்பதும் அரை உண்மையே. வீடு கட்டும்போது வாயிலை எங்கே வைப்பது என்று முதலில் கேட்டால் செலவில்லை. கூரை போட்ட பின் சுவரை இடித்து வாயில் வைத்தால் செலவுதான். மென்பொருளிலும் அப்படியே. எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் ‘இடப்புறம் இவ்வளவு இடம் விடு’, ‘வலப்புறம் பொத்தானை வை’ என்று எழுதி வைக்கிறார். அவர் உண்மையில் சொல்ல நினைப்பது ‘தொடக்கத்தில் இடம் விடு’, ‘முடிவில் பொத்தானை வை’ என்பதே. அவர் மொழியில் தொடக்கம் இடப்புறம் இருப்பதால் இரண்டும் ஒன்றென மயங்கிவிடுகிறார். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று எழுதியிருந்தால் அதே நிரல் ஆங்கிலத்தில் இடமிருந்தும் அரபில் வலமிருந்தும் தானே அமைந்துகொள்ளும். இணையப் பக்க வடிவமைப்பிலும் ஆண்ட்ராய்டிலும் இவ்வாறு எழுதுவதற்கான சொற்கள் பல்லாண்டுகளாக உள்ளன. இதைச் செய்யக் கூடுதலாக ஒரு காசு வேண்டியதில்லை. ஒரு கணம் சிந்தித்தால் போதும். ஆயிரம் இடங்களில் ‘இடம்’ என்று எழுதிவிட்டு, பத்தாண்டு கழித்து ஒவ்வொன்றாகத் திருத்தப் புகுவோரே செலவென்று அலறுகின்றனர்.

‘அரபு நாட்டாருக்கும் ஆங்கிலம் தெரியுமே’ என்பது இரண்டாம் வாதம். பல்கலைக்கழகம் சென்றவருக்குத் தெரியலாம். ஆடு மேய்ப்பவருக்கும், மூதாட்டிக்கும், பள்ளியில் காலெடுத்து வைத்த குழந்தைக்கும் தெரியுமா? அரசின் சேவையும் வங்கியின் சேவையும் கைபேசிக்குள் புகுந்துவிட்ட காலம் இது. அக்கைபேசி தாய்மொழியில் பேச மறுத்தால் அவர்கள் தம் காரியத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். தம் இரகசிய எண்ணையும் அவரிடமே சொல்ல வேண்டும். மொழி மறுக்கப்படும் இடத்தில் மானமும் பொருளும் சேர்ந்தே பறிபோகின்றன.

மூன்றாவது வாதம் நுட்பமானது: ‘இவ்வெழுத்துக்கள் ஆபத்தானவை.’ 2013 ஆகஸ்டிலும் 2015 மே மாதத்திலும் அரபு எழுத்துக்கள் அடங்கிய சில சரங்கள் ஆப்பிள் பொறிகளைச் செயலிழக்கச் செய்தன. அரபு எழுத்தே கைபேசியைக் கொல்கிறது என்ற தொனியில் பேச்சு எழுந்தது. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டும் அவ்வாறே செய்தது. குற்றம் எழுத்தினதா? அவ்வெழுத்தை எதிர்பாராமல், சோதித்துப் பாராமல் எழுதிய நிரலினதா? விருந்தினர் அமர்ந்ததும் நாற்காலி உடைந்தால் தச்சனைக் கேட்பதே முறை. 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் நிக்கோலஸ் பௌச்சர், ராஸ் ஆண்டர்சன் ஆகிய இருவர், திசை மாற்றும் மறைகுறிகளைக் கொண்டு நிரலில் வஞ்சகம் செய்ய முடியும் என்று மெய்ப்பித்தனர். கண்ணுக்கு ஒரு வரிசையும் பொறிக்கு வேறு வரிசையும் காட்டும் தந்திரம் அது. எச்சரிக்கை சரியானதே. ஆனால் அதற்கு மருந்து, நிரலைப் படிக்கும் கருவி அக்குறிகளை மறைக்காமல் வெளிப்படுத்திக் காட்டுவது. அரபையும் எபிரேயத்தையும் வாயிலிலேயே நிறுத்திவிடுவது மருந்தன்று. கள்ளப் பணம் புழங்குகிறதென்று நாணயத்தையே ஒழிப்பார் உண்டா?

‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாம் தாமே சரியாகும்’ என்பது புதிய வாதம். அந்நுண்ணறிவு அழகிய அரபில் விடை சொல்லட்டும். அவ்விடை தோன்றும் சாளரம் இடமிருந்து வலமாகவே அமைக்கப்பட்டிருந்தால், நடுவே ஓர் ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணும் வந்த மாத்திரத்தில் வரி குலைந்து போகும். அறிவாளி பேசுகிறார், ஒலிபெருக்கி பழுது. கேட்பவனுக்கு என்ன பயன்?

கேட்பவர் கேட்டால்தான்

பழியனைத்தையும் மென்பொருள் ஆக்குவோர் மீதே சுமத்திவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை. பெருந்தொகை கொடுத்து மென்பொருள் வாங்கும் அரசுகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும், ‘அரபில் பிழையின்றி இயங்கிக் காட்டு, பிறகு பணம் வாங்கு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் விற்பவர் மறுப்பாரா? பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குறையை மட்டும் முணுமுணுப்பது வாங்குபவர்க்கு அழகன்று.

தமிழ் முஸ்லிம்களுக்கு இதில் தனிப்பட்ட பங்கும் உண்டு. தமிழை அரபு எழுத்தில் வரைந்த அரபுத் தமிழ் நம் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. அரபில் இல்லாத ‘ங’, ‘ட’, ‘ண’, ‘ள’ போன்ற தமிழொலிகளுக்காக அரபெழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துக்களை அவர்கள் வகுத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியார்கள் அவ்வெழுத்தில் நூல்கள் யாத்தார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் நம் பாட்டிமார் பலர் எழுத்தறிந்தது அவ்வழியேதான். அன்றைய கல்லச்சு, கையெழுத்தை அப்படியே ஏற்றுப் பதித்தது; எந்தத் திசையில் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளேட்டைக் காத்திபுகள் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதி வந்ததும் இதே மரபில்தான்.

இன்று அரபுத் தமிழுக்கேயுரிய எழுத்துக்களுக்கும் யூனிகோடில் இடம் உண்டு. ஆனால் குறியீட்டு எண் கிடைத்தால் மட்டும் எழுத்து உயிர் பெறாது. அதைக் காட்ட எழுத்துரு வேண்டும். தட்ட விசைப்பலகை வேண்டும். சேர்த்தும் திசை மாற்றியும் காட்ட மென்பொருள் வேண்டும். அரபுக்கு நியாயம் கிடைத்தால் அதே வாயிலில் அரபுத் தமிழும் நுழையும். அரபுக்கே கதவு அடைபட்டால், பழைய பெட்டிகளில் உறங்கும் அந்நூல்களைப் பூச்சி மட்டுமே படித்து முடிக்கும். நம் பிள்ளைகளில் மென்பொருள் துறைக்குச் சென்றோர் இன்று ஊருக்கு ஊர் உளர். அவர்கள் எழுதும் ஒவ்வொரு செயலியும் இவ்வழக்கில் ஒரு சாட்சியாக வேண்டும் என்பது நம் விருப்பம்.

நாம் வேண்டுவது

நம் கோரிக்கை நீண்டதன்று. மென்பொருள் எழுதுவோர் முதல் நாளிலேயே ‘இடம், வலம்’ என்பவற்றை விட்டு ‘தொடக்கம், முடிவு’ என்று எழுதட்டும். முதல் நாளிலேயே ஓர் அரபு வாக்கியத்தையும் ஓர் எபிரேய வாக்கியத்தையும், நடுவே எண்ணும் அயற்பெயரும் கலந்து, தட்டிப் பார்க்கட்டும். பயன்படுத்துவோர் தரும் பெயரையும் எண்ணையும் வாக்கியத்தில் பொருத்தும்போது அவற்றைத் தனித்து நிறுத்தும் குறிகளை இடட்டும். திரும்பிச் செல்லும் அம்பு அரபில் வலப்புறம் நோக்க வேண்டும். கடிகார முள் எம்மொழியிலும் ஒரே பக்கம்தான் சுற்ற வேண்டும். எதைத் திருப்புவது, எதைத் திருப்பாதிருப்பது என்பதை அம்மொழியில் வாழ்பவரைக் கேட்டு அறியட்டும். எழுத்தைப் படமாக்கி ஒட்டும் கொடுமை ஒழியட்டும். வாங்குவோர், குறையுள்ளதைக் குறையுள்ளதென்று சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.

எழுதுகோல் எவர் கையிலும் ‘இந்தத் திசையில் மட்டுமே எழுதுவேன்’ என்று அடம் பிடித்ததில்லை. ஓலையும் தாளும் கல்லும் அப்படிக் கேட்டதில்லை. அவற்றையெல்லாம் விஞ்சியதென்று பெருமை பேசப்படும் பொறிக்கு அந்தப் பணிவு இல்லையென்றால், குறை பொறியினதே, எழுத்தினதன்று. வலமிருந்து எழுதுவது குற்றமன்று. அதைக் குற்றமெனக் காட்டும் மென்பொருளே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது.